ஆறு கோழி, நாலு பாத்தி, நடுவுல ஒரு வேலி... கொல்லைப்புறத் தோட்டத்துக்கு ஒரு முழு கைடு!

முட்டை வித்து லாபம் பார்க்க முடியுமா? கோழியை விட்டா செடி மிஞ்சுமா? கோழி எச்சத்தை அப்படியே எருவா போடலாமா? வீட்டுத்தோட்டமும் நாட்டுக்கோழியும் சேர்ந்து வளர்க்க ஆசைப்படுறவங்க, தொடங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது எல்லாம் இங்கே!

2020 ஊரடங்கு நேரம். திண்டுக்கல் பக்கத்துல எங்க வீட்டுக்குப் பின்னால ரெண்டு சென்ட் கொல்லை சும்மா கிடந்துச்சு. அப்பா தெரிஞ்சவர்கிட்ட ஆறு நாட்டுக்கோழி வாங்கிட்டு வந்தார். அதே வாரம் நான் கத்திரி, தக்காளி, மிளகாய் நாத்து நட்டேன். 'கோழி பூச்சியைத் தின்னும், செடிக்கு எருவும் கிடைக்கும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை'ன்னு நாலஞ்சு வீடியோ பார்த்த தைரியம்.

மூணாம் நாள் காலையில பாத்தியில ஒரு நாத்து இல்ல. ஈரமண்ணைக் கிளறி, குழி பறிச்சு, அதுலயே படுத்து மண் குளியல் போட்டுக்கிட்டிருந்துச்சுங்க ஆறு பேரும். சரி, செடி போனா போகுது, கோழியாவது இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டோம். சந்தை திறந்ததும் அப்பா இன்னும் ரெண்டு கோழி வாங்கிட்டு வந்து அதுங்களோடவே விட்டார். ஒரு வாரம்தான். பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், இறக்கை தொங்கிப் போச்சு, ஒண்ணுக்குக் கழுத்து திருகிக்கிச்சு. நாலே நாள்ல எட்டும் போச்சு. குழி வெட்டிப் புதைச்சுட்டு வந்த அம்மா, "இனிமே இந்த வீட்டுல கோழிப் பேச்சே எடுக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. போன்ல விஷயத்தைக் கேட்ட அப்பத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு: "ஏ புள்ள, ஊசி போட்டீங்களா?"

போடல. போடணும்னே தெரியாது.

மறுபடி கோழி வாங்க எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசத்துல படிச்சது, கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டது, அதுக்கப்புறம் செஞ்சு பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. சுருக்கமா சொல்லணும்னா, கோழியும் தோட்டமும் தானா கூட்டாளி ஆகாது. நடுவுல ஒரு வேலியும், எப்போ உள்ளே விடணும், எப்போ கூடாதுங்கிற கணக்கும் இருந்தாத்தான் ரெண்டும் பிழைக்கும்.

முதல்ல ஒரு நேர்மையான கணக்கு

'ஆறு கோழி இருந்தா தினமும் ஆறு முட்டை'ன்னு கணக்கு போட்டீங்கன்னா ஏமாந்துடுவீங்க. நம்ம ஊர் நாட்டுக்கோழி தொடர்ந்து முட்டை போடாது. 10 முதல் 15 முட்டை வரை போடும். அப்புறம் அடைக்கு உட்காரும், குஞ்சு பொரிக்கும், குஞ்சை வளர்க்கும், அதுக்கப்புறம்தான் அடுத்த சுற்று. இப்படி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை வரை கிடைக்கும். ஆறு கோழிக்கும் சேர்த்து சராசரி போட்டா நாளுக்கு ஒரு முட்டைதான் வரும்.

இப்போ தீவனத்தைப் பாருங்க. வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீனி வேண்டும். ஆறுக்கு 600 கிராம், மாசத்துக்கு 18 கிலோ. மாசம் கிடைக்கிற முட்டை 35. எல்லாத் தீனியையும் கடையில வாங்கினா, ஒரு முட்டைக்கு அரை கிலோ தீவனம் செலவாகுது. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. பல ஊர்ல அந்தக் காசுக்கு நாட்டு முட்டையே வாங்கிடலாம்.

நாமக்கல் பண்ணைகள்ல இருக்கிற முட்டைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்குமேல் போடும். அதோட போட்டி போட நம்ம கொல்லையால முடியாது, போடவும் வேண்டாம்.

அப்போ எதுக்கு வளர்க்கணும்? கணக்குல தோட்டத்தைச் சேர்த்தாத்தான் விடை கிடைக்கும். ஆறு கோழியும் சேர்ந்து நாளுக்கு அரை கிலோவுக்குக் குறையாம எச்சம் போடும். அது மக்கினா ரெண்டு சென்ட் தோட்டத்துக்கு வெளியில எரு வாங்கவே தேவையில்ல. பதிலுக்கு, தோட்டத்துக் கீரை, முத்திப்போன காய், புழு பூச்சி, சமையலறைக் கழிவு எல்லாம் கோழிக்குத் தீனியாகும். பாதித் தீனி இப்படிக் கிடைச்சாலே தீவனச் செலவு பாதியா குறையும். முட்டை, காய், எரு, கழிவு நாலையும் ஒரே நோட்டுல எழுதுறவங்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

ரெண்டு சென்ட்டை எப்படிப் பிரிக்கலாம்?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ரெண்டு சென்ட்னா ஏறத்தாழ 870. எங்க கொல்லையை நாங்க இப்படிப் பிரிச்சோம்:

- கோழிக்கூண்டும் கோழி உலாவும் இடமும்: 100 சதுர அடி
- நாலு பாத்திகள்: ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 15 அடி நீளம்
- எருக்குழி: 3 அடிக்கு 3 அடி
- ஓரங்களில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, ரெண்டு வாழை
- மிச்சம் நடைபாதை

பாத்தியோட அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம். அப்போதான் ரெண்டு பக்கமும் நின்னு கையை நீட்டியே களை எடுக்க முடியும், மண்ணை மிதிக்க வேண்டியிருக்காது.

வேலை செய்யும் வரிசையும் முக்கியம். முதல்ல வேலி, அப்புறம் செடி, கடைசியா கோழி. நாங்க செஞ்ச மாதிரி தலைகீழா செய்யாதீங்க. தோட்டம் மூணு மாசம் ஓடி, ஒரு அறுவடை எடுத்த பிறகு கோழி வாங்கினா, அதுக்குப் போடக் கீரையும் இருக்கும், உங்களுக்குத் தண்ணி ஊத்துற பழக்கமும் வந்திருக்கும்.

வேலியும் கூண்டும்

நாட்டுக்கோழி நல்லா பறக்கும். 3 அடி வலையெல்லாம் அதுக்கு ஒரு எட்டு. பாத்தியைச் சுத்தி 5 முதல் 6 அடி உயர வலை தேவை. அவ்வளவு உயரம் முடியாதுன்னா ஒரு பக்க இறக்கையின் நுனி இறகுகளை மட்டும் வெட்டிவிடலாம். ரத்தக்குழாய் ஓடும் இளம் இறகை வெட்டிடாதீங்க. முதல் தடவை, தெரிஞ்சவங்களை வெச்சுச் செய்யுங்க.

இரவுக் கூண்டில் ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் 2 சதுர அடி போதும். ஆறு கோழிக்கு 4 அடிக்கு 3 அடி கூண்டு சரியா இருக்கும். கவனிக்க வேண்டியவை:

- தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கூண்டு இருக்கட்டும். அடியில் ஈரம் தங்காது, எச்சம் அள்ளுவதும் சுலபம்.
- நீளவாக்குப் பக்கம் கிழக்கு மேற்காக அமையட்டும். வெயில் நேரடியா உள்ளே அடிக்காது.
- கடையில் 'கோழி வலை'ன்னு விற்கிற அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. கீரிப்பிள்ளை, மரநாய், பாம்பைத் தடுக்க அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும்.
- உள்ளே 2 அங்குல தடிமனில் ஒரு கம்பு கட்டிவிடுங்க. கோழி ராத்திரி தரையில் படுக்காது, கம்பில் ஏறி உட்காரத்தான் விரும்பும்.
- முட்டையிட இருட்டான மூலையில் ரெண்டு கூடை, உள்ளே வைக்கோல்.

கீழே கொட்டுற எச்சத்துக்கு உமி அல்லது தேங்காய்நார்க்கழிவை 2 அங்குலம் பரப்பி, வாரம் ரெண்டு தடவை கிளறிவிட்டா நாத்தம் வராது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டை வர்றது பெரும்பாலும் இந்த நாத்தத்தாலும், அதிகாலைச் சேவல் சத்தத்தாலும்தான். நகரத்துக்குள்ள இருக்கிறவங்க கோழி வாங்கும் முன்னாடி உள்ளாட்சி அலுவலகத்தில் விதிகளை ஒரு தடவை கேட்டுக்கங்க.

ஒரு சின்ன யோசனை. கோழி உலாவும் இடத்துக்கு மேல பந்தல் போட்டு, வெளியே இருந்து பீர்க்கன் அல்லது கோவைக்கொடியை ஏத்திவிடுங்க. வேர்ப்பகுதியை மட்டும் கல் அடுக்கிப் பாதுகாத்தா போதும். கோழிக்கு நிழல், உங்களுக்குக் காய். மேலேயிருந்து பாய்கிற பருந்தின் கண்ணுக்கும் கோழி தெரியாது.

எந்தக் கோழி வாங்கலாம்?

- சிறுவிடை: நம்ம ஊர் சின்ன உடம்புக் கோழி. நல்லா அடை காக்கும், குஞ்சைக் காப்பாத்தும், தானே மேய்ஞ்சு தின்னும். கொல்லைக்கு முதல் தேர்வு.
- பெருவிடை: உடம்பு பெருசு, இறைச்சிக்கு ஏற்றது. தீனி அதிகம் கேட்கும்.
- கிராமப்பிரியா, வனராஜா: ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை. முட்டை அதிகம் வேணும்னா கிராமப்பிரியா. ஆனா இவை பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதனால ஒரு சிறுவிடையையும் சேர்த்து வளர்த்தா அதை அடைக்கோழியா பயன்படுத்திக்கலாம்.
- கடக்நாத்: மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கருங்கோழி. 2018-ல் புவிசார் குறியீடு பெற்றது. குஞ்சு விலை அதிகம், அதனால முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு வேண்டாம்.

முட்டைக்கு மட்டும்னா சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டை போடும், அதுல குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேணும்னா பத்துப் பெட்டை வரைக்கும் ஒரு சேவல் போதும்.

ஊசி... இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க!

எங்க எட்டுக் கோழியையும் கொண்டுபோனது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேத் நோய்னும் சொல்வாங்க. 1926-ல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதன்முதலா அடையாளம் காணப்பட்டது. இந்தியாவுல இமயமலை அடிவாரத்து ராணிக்கேத் ஊர்ப் பெயரே நோய்க்கு நிலைச்சிடுச்சு. இது வைரஸ். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

தடுப்பு மருந்து கொடுக்கிற பொதுவான அட்டவணை இது:

- குஞ்சு பொரித்த 7-ம் நாள்: கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து
- 4-வது வாரம்: மறுபடியும் சொட்டு மருந்து
- 8-வது வாரம்: இறக்கையில் ஊசி

அதுக்குப் பிறகு எத்தனை மாசத்துக்கு ஒரு தடவைன்னு உங்க பகுதி கால்நடை மருத்துவர் சொல்றதைக் கேளுங்க. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமா பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். ஊசி இலவசம். வெயில் காலம் தொடங்கும் முன் போட்டுக்கிறது நல்லது.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. கடையில் கிடைக்கிற மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு, அதுக்கும் மேற்பட்ட கோழிகளுக்கானது. கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், ஐஸிலேயே வெச்சிருக்கணும். ஆறு கோழிக்கு ஒரு குப்பி வாங்கினா மிச்சம் வீண். அதனால எங்க தெருவுல கோழி வளர்க்கிற அஞ்சாறு வீட்டையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே குப்பி. பக்கத்து வீட்டுக் கோழி நோயோட இருந்தா நம்ம கோழிக்கும் ஆபத்துதானே? ஊசி போடுறது தெருவே சேர்ந்து செய்யவேண்டிய வேலை.

கூடவே இதையும் மனசுல வெச்சுக்கங்க:

- புதுசா வாங்கின கோழியை ரெண்டு மூணு வாரம் தனியா, தூரமா வெச்சுப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடணும். எங்க வீட்டுத் தப்பு இதுதான்.
- தனியா வெச்ச கோழிக்குக் கடைசியா தீனி போடுங்க. அதைத் தொட்ட கையோட மத்ததுகிட்ட போகாதீங்க.
- கொண்டை, கண்ணோரத்தில் கொப்புளம் வந்தா அது அம்மை. கொசு மூலம் பரவும். கொப்புளத்தின் மேல வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசுறது வழக்கம். கண்ணை மூடிட்டா மருத்துவரிடம் போகணும்.
- மழைக்காலத்தில் ரத்தத்தோட கழிச்சல் போனா குஞ்சுகளுக்கு ஆபத்து. கூண்டில் ஈரம் தங்கக் கூடாது.
- மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடற்புழு நீக்கம்.
- திடீர்னு பல கோழி ஒரே நேரத்துல செத்தா சமைக்கவோ விற்கவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிட்டு, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைக்கணும்.

தீனி: என்ன போடலாம், என்ன கூடாது?

காலையில் ஒரு தடவை, கூண்டுக்குத் திரும்புற சாயங்காலத்துல ஒரு தடவை தீனி போடுங்க. சாயங்காலம் அதே நேரத்துக்கு, அதே சத்தம் கொடுத்துப் போட்டா, கோழி தானா கூண்டுக்கு வந்துடும். விரட்டிப் பிடிக்கிற வேலையே இருக்காது.

கம்பு, சோளம், உடைச்ச மக்காச்சோளம், குருணை, தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு கலந்து வெச்சுக்கலாம். முட்டை போடுற கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய வேணும். கிளிஞ்சல் தூள் கொடுக்கலாம். இல்லைன்னா வீட்டு முட்டை ஓட்டையே வறுத்துப் பொடிச்சுப் போடலாம். முழு ஓடா போட்டா கோழிக்கு முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் வந்துடும்.

அகத்தி, முருங்கைக்கீரை, அசோலா எல்லாம் நல்ல பச்சைத் தீனி. குஞ்சுகளுக்கு அப்பத்தா கரையான் பிடிச்சுத் தரும். பழைய பானையில சாணி, கிழிஞ்ச சாக்கு, ஓலை போட்டுத் தண்ணி தெளிச்சு, கரையான் இருக்கிற இடத்துல சாயங்காலம் கவுத்து வெச்சா, காலையில பானை நிறைய கரையான் ஏறியிருக்கும். காசில்லாத புரதம்!

கொடுக்கக் கூடாதவை:

- பூஞ்சணம் பிடிச்ச தானியம், புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் ஈரம் பட்டா வர்ற பூஞ்சண நச்சு, கோழியின் ஈரலைத் தாக்கும்.
- பச்சை நிறமான உருளைக்கிழங்கும் அதன் தோலும்
- உப்பு அதிகமான மிச்சக் குழம்பு, ஊறுகாய், சிப்ஸ்
- அவகாடோ, சாக்லேட்
- வேகாத மொச்சை, ராஜ்மா வகைகள்

தண்ணீர் நிழல்ல, எப்பவும் இருக்கணும். கோடையில் ஒரு வேளை தண்ணி இல்லாம போனாக்கூட முட்டை குறைஞ்சிடும்.

கோழியைப் பாத்திக்குள்ள எப்போ விடலாம்?

நாலு பாத்தி வெச்சதே இதுக்காகத்தான். மூணு பாத்தியில பயிர் இருக்கும். அறுவடை முடிஞ்ச ஒரு பாத்தி மட்டும் கோழிக்கு. சுற்று இப்படி:

1. கடைசிப் பறிப்பு முடிஞ்சதும் செடியைப் பிடுங்காம, கோழியை அந்தப் பாத்திக்குள் விடுங்க. 7 முதல் 10 நாள் வரை இருக்கட்டும். மிச்ச இலை, களை, புழு, கூட்டுப்புழு எல்லாத்தையும் கிளறித் தின்னுடும்.
2. கோழியை வெளியேத்தி வேலியை மூடிட்டு, பலதானியம் தூவுங்க. தானியம், பயறு, எண்ணெய் வித்துன்னு கையில் கிடைக்கிற விதைகளைக் கலந்துக்கலாம். 45 நாள்ல பூக்கும் நேரத்துல வெட்டி மண்ணோட மடக்கிவிடணும்.
3. இன்னும் ஒரு வாரம், பத்து நாள் விட்டு, மக்கிய எரு போட்டு, கத்திரி, மிளகாய், தக்காளி நாத்து நடலாம்.

ஏன் இவ்வளவு நாள் காத்திருக்கணும்? பச்சைக் கோழி எச்சத்துல கிருமிகள் இருக்கலாம், குறிப்பா சால்மோனெல்லா. அமெரிக்காவின் இயற்கை விவசாயச் சான்று விதிகள்படி, பச்சை எரு போட்ட நிலத்தில் மண்ணைத் தொடும் விளைபொருளை 120 நாள் கழிச்சும், மண்ணைத் தொடாத காயை 90 நாள் கழிச்சும்தான் அறுக்கலாம். நம்ம கொல்லைக்கும் அது நல்ல அளவுகோல். மேலே சொன்ன சுற்றில் கத்திரி காய்க்கும்போது 100 நாள் தாண்டியிருக்கும். ஆனா கோழி மேய்ஞ்ச பாத்தியில் கீரை, கொத்தமல்லி, கேரட், முள்ளங்கியை நாலு மாசத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

இன்னொரு உண்மையும் சொல்லிடணும். கோழி எல்லாப் பூச்சியையும் தின்னாது. வெட்டுக்கிளி, புழு, நத்தை, கரையான் இதெல்லாம் தின்னும். மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் நீங்கதான் வேப்பெண்ணெய் தெளிக்கணும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி எண்ணெய், கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்கால நேரம். அதோட, நல்லது செய்யுற மண்புழுவையும் கோழி விட்டுவைக்காது. பத்து நாளுக்கு மேல ஒரே பாத்தியில விடாதீங்கன்னு சொல்றது அதனாலயும்தான்.

எரு: அவசரப்பட்டா செடி கருகும்

கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். அப்படியே வேர்ல போட்டா ரெண்டு மூணு நாள்ல இலை நுனி கருகும். எங்க முருங்கைக்கன்னு ஒண்ணு அப்படித்தான் போச்சு.

எச்சம் கலந்த உமி ஒரு பங்கு, காய்ந்த இலை சருகு ரெண்டு பங்குன்னு மாத்தி மாத்தி அடுக்குங்க. பிழிஞ்சா சொட்டாத, ஆனா கையில ஒட்டுற அளவு ஈரம் போதும். மேல சாக்கு போட்டு மூடி, வாரம் ஒரு தடவை புரட்டணும். உள்ளே கையை வெச்சா சூடு தெரியும், அது நல்ல அறிகுறி. ரெண்டு மூணு மாசத்துல சூடு தணிஞ்சு, நாத்தம் போய், மழை பெய்த மண் வாசம் வந்தா எரு தயார். ஒரு செடிக்கு ரெண்டு கைப்பிடி, மாசம் ஒரு தடவை.

பட்டமும் பயிரும்

'ஆடிப்பட்டம் தேடி விதை'ங்கிற பழமொழி மாடித்தோட்டத்துக்கும் கொல்லைக்கும் பொருந்தும்.

- ஆடி, ஆவணி: கத்திரி, மிளகாய், வெண்டை, அவரை, கொடிக்காய்கள் எல்லாத்துக்கும் ஏற்ற காலம்.
- ஐப்பசி, கார்த்திகை: மழை. பாத்தியில் தண்ணி தேங்காம வடிகால் பாருங்க. கூண்டுக்குள் உமியை அடிக்கடி மாத்துங்க.
- தை, மாசி: தக்காளி, வெண்டை, கொத்தவரை, தர்பூசணி. கோழிக்கு ஊசி.
- பங்குனி முதல் வைகாசி வரை: கீரை, வெண்டை, கொத்தவரை தாங்கும். பாத்திக்குச் சருகு மூடாக்கு போடுங்க. 35 டிகிரிக்கு மேல போனா கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நிழல், குளிர்ந்த தண்ணி, மதியம் தீனி போடாம இருக்கிறது நல்லது.

முதல் தடவை செய்றவங்க தண்டுக்கீரை, அரைக்கீரை, வெண்டையில தொடங்குங்க. தண்டுக்கீரை 25 நாள்லயே பிஞ்சா பறிக்கலாம், வெண்டை 45 நாள்ல காய்க்கும். சீக்கிரம் கைக்கு வர்றதுதான் தொடர்ந்து செய்ய வைக்கும்.

அடை வைக்க உங்க போன் டார்ச் போதும்!

கோழி கூட்டை விட்டு இறங்காம, கிட்ட போனா உடம்பைச் சிலிர்த்துக் கத்தினா அடைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். கூடையில மணல், மேல வைக்கோல் போட்டு 10 முதல் 12 முட்டை வரை வைக்கலாம். பத்து நாளுக்கு மேல் பழசான முட்டையை வைக்காதீங்க. முட்டையைக் கழுவவும் வேண்டாம்.

7-ம் நாள் ராத்திரி, இருட்டு அறையில் முட்டையைப் போன் டார்ச் மேல வெச்சுப் பாருங்க. நடுவுல ஒரு கரும்புள்ளியும், அதைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி செந்நிற நரம்பும் தெரிஞ்சா கரு வளருது. வெறும் மஞ்சளா, தெளிவா தெரிஞ்சா அது கூமுட்டை, எடுத்துடுங்க. 18-ம் நாளுக்குப் பிறகு தொடாதீங்க. 21-ம் நாள் குஞ்சு பொரிக்கும். முதல் சில வாரம் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துல கவுத்து வெச்சா பருந்து, பூனை, காக்கா பயம் இல்லை.

குஞ்சு வேண்டாம்னா அடையைத் தெளிய வைக்கலாம். தண்ணியில முக்கி எடுக்கிறது பழைய வழக்கம். அதைவிட, வைக்கோல் இல்லாத, அடியில காத்து வர்ற கம்பித்தளக் கூண்டில் ரெண்டு மூணு நாள் தீனி தண்ணியோட வெச்சாலே தெளிஞ்சிடும்.

அடிக்கடி வர்ற சந்தேகங்கள்

நல்லா இருந்த கோழி திடீர்னு முட்டையை நிறுத்திடுச்சே?
இறகு உதிர்க்கிற காலமா இருக்கலாம். பகல் குறையும் மாதங்கள், கடும் வெயில், தண்ணிக் குறைவு, பேன் தொல்லை இதெல்லாம் காரணமாகும். வேலியோரப் புதர்லயும் ஒரு தடவை தேடிப் பாருங்க. எங்க கோழி ஒண்ணு வாழைக்கு அடியில ரகசியமா ஒன்பது முட்டை சேர்த்து வெச்சிருந்துச்சு!

முட்டை கெட்டுப்போச்சான்னு எப்படித் தெரியும்?
தண்ணியில போடுங்க. அடியில படுத்தா புதுசு, அடியிலயே நிமிர்ந்து நின்னா பழசு, மிதந்தா வேண்டாம்.

குழந்தைங்க கோழியோட விளையாடலாமா?
தாராளமா. ஆனா விளையாடின பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும். கோழியை முத்தம் கொடுக்கிறது, பச்சை முட்டை குடிக்கிறது ரெண்டும் வேண்டாம்.

தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?
காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 15 நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம். ஆனா ஒருநாள்கூட லீவு கிடையாது. நீங்க ஊருக்குப் போனா கூண்டைத் திறந்து மூட யாரு இருக்காங்கன்னு முதல்லயே யோசிச்சுக்கங்க. பதில் இல்லைன்னா, இப்போதைக்குத் தோட்டம் மட்டும் போதும். கோழி அப்புறம் வாங்கிக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்?

கோழி வாங்கக் கிளம்பிடாதீங்க. டேப் எடுத்து இடத்தை அளங்க. எந்த இடத்துல எத்தனை மணிக்கு வெயில் விழுதுன்னு பார்த்து எழுதி வைங்க. வலை விலையை விசாரிங்க. தெருவுல யார் யார் வீட்டுல கோழி இருக்கு, அவங்க ஊசி போட்டாங்களான்னு கேளுங்க. பக்கத்துல இருக்கிற அரசு கால்நடை மருந்தகம் எங்கேன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஒரு பாத்தியைக் கொத்தி, ஒரு பிடி கீரை விதையைத் தூவுங்க.

இப்போ எங்க கொல்லையில அஞ்சு பெட்டை, ஒரு சேவல். ஒண்ணு அடையில இருக்கு. 'கோழிப் பேச்சே கூடாது'ன்னு சொன்ன அம்மாதான் நேத்து ராத்திரி என் போனை வாங்கிட்டுப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "பதினொண்ணுல ஒன்பது தேறும்"னாங்க. ஏழாம் நாள் ஊசிக்கு வாட்ஸ்அப் குரூப்புல இப்பவே தேதி போட்டாச்சு.